ஒரே சட்டப்பிரிவு, இரண்டு தீர்ப்புகள்: மக்கள் அமைப்புகள் மருத்துவக் கொள்கையை மாற்றுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையை ஒட்டி நிற்கும் ஆடிங்டன் அரசு மருத்துவமனையில் 1997-இல் 20 டயாலிசிஸ் இயந்திரங்கள் இருந்தன. அவற்றிலும் சில பழுது. ஒருவருடைய ரத்தத்தைச் சுத்திகரிக்க 4 மணி நேரம் ஆகும். இயந்திரத்தைக் கழுவி அடுத்தவருக்குத் தயார் செய்ய இன்னும் 2 மணி நேரம். அந்த வரிசையில் இடம் கேட்டு நின்றவர்களில் ஒருவர் சூப்ரமணி. டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ இருக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. சுப்பிரமணி என்ற பெயர் ஆங்கிலேயர் பதிவேட்டில் ஏறி, நட்டாலில் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. அவருக்கு வயது 41. வேலையில்லை. சர்க்கரை நோயும் இதய நோயும் இருந்தன, சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. கையிலிருந்த காசு தீரும்வரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டார். பிறகு அரசு மருத்துவமனையைக் கேட்டார். இடமில்லை என்றார்கள். நீதிமன்றத்துக்குப் போனார். 1997 நவம்பர் 27 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அவரது கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. சிறிது காலத்திலேயே அவர் இறந்துபோனார்.

நான்கரை ஆண்டுகள் கழித்து, 2002 ஜூலை 5 அன்று, அதே நீதிமன்றம் அதே சட்டப்பிரிவைக் கையில் எடுத்து, எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுப்பதற்கு விதித்திருந்த தடையை நீக்கு என்று அரசுக்கு உத்தரவிட்டது.

அமெரிக்க நிதி நிறுத்தம், தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் என்று மருத்துவச் செய்தி எது வந்தாலும் அதோடு ‘சிவில் சொசைட்டி’, ‘அட்வகசி’ என்ற இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. யார் இவர்கள், ஓட்டு வாங்காதவர்கள் எப்படிக் கொள்கையை மாற்றுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு, மேற்சொன்ன இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் நடந்ததைச் சொன்னாலே பாதி விளங்கிவிடும்.

முதலில் சில சொற்கள்

சிவில் சொசைட்டியைத் தமிழில் குடிமைச் சமூகம் என்கிறோம். அரசும் இல்லை, லாபத்துக்கு நடக்கும் நிறுவனமும் இல்லை. இரண்டுக்கும் வெளியே மக்கள் தாமாகக் கூடி நடத்தும் அமைப்புகள். நோயாளிகள் சங்கம், தொழிற்சங்கம், தேவாலயம், கோயில் சங்கம், சட்ட உதவி மையம் எல்லாம் இதில் அடங்கும். 

அட்வகசி என்பது கொள்கை வலியுறுத்தல். இங்கேதான் குழப்பம் வருகிறது. கோயில் மண்டபத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்துவது தொண்டு. வட்டார மருத்துவமனையில் கண் மருத்துவர் பணியிடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று மாகாணச் சுகாதாரத் துறையிடம் கணக்குக் கேட்பது வலியுறுத்தல். நம் சமூகம் முதலாவதில் கெட்டி. இரண்டாவதில் அவ்வளவு பழக்கமில்லை.

27-ஆம் பிரிவு சொல்வது என்ன?

1996-ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 27-ஆம் பிரிவு மூன்று அடுக்கு கொண்டது:

1. மருத்துவச் சேவையைப் பெறும் உரிமை எல்லோருக்கும் உண்டு.
2. அந்த உரிமையைப் படிப்படியாக நிறைவேற்ற, அரசு தன்னிடம் இருக்கும் வளத்துக்குள் நியாயமான நடவடிக்கைகளை எடுக்க வேண்டும்.
3. அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது.

சூப்ரமணியின் தரப்பு முக்கியமாக மூன்றாவது அடுக்கைப் பிடித்தது. நீதிமன்றம் ஒப்பவில்லை. விபத்தில் அடிபட்டவரை வாசலிலிருந்து திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் அதன் பொருள், வாரத்துக்குச் சில முறை வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் டயாலிசிஸ் அவசரச் சிகிச்சையில் சேராது என்றது. பிறகு இரண்டாவது அடுக்கைப் பார்த்தது. இயந்திரம் குறைவு, பணம் குறைவு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே முன்னுரிமை என்று மருத்துவமனை ஒரு விதி வைத்திருந்தது. அந்த விதி நேர்மையாகப் பின்பற்றப்பட்டிருந்தால் நீதிபதிகள் உள்ளே புகுந்து மாற்ற மாட்டோம் என்றது.

இதில் கவனிக்க வேண்டியது ‘இருக்கும் வளத்துக்குள்’ என்ற சொற்றொடர். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது வளம் என்பது கல்லில் எழுதியதுபோல் இருந்தது. இருபது இயந்திரம், அவ்வளவுதான். அந்த எண் ஏன் இருபது, நாற்பதாக ஆக்க எவ்வளவு செலவாகும், அந்தப் பணம் எங்கே போகிறது என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த அமைப்பு எதுவும் அவர் பின்னால் நிற்கவில்லை.

மாத்திரைக்கு முன் நடந்த வேலை

1998 டிசம்பர் 1. உலக எய்ட்ஸ் நாள். டர்பனுக்கு வடக்கே குவாமாஷுவில் குகு டிலமினி என்ற பெண் தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். சில நாள்களில் ஒரு கும்பல் அவரை அடித்தது. அந்தக் காயங்களால் அவர் இறந்தார். அதே மாதம் 10-ஆம் தேதி, மனித உரிமை நாளன்று, கேப் டவுன் புனித ஜார்ஜ் தேவாலயத்தின் முன்னால் எச்.ஐ.வி. உள்ள செயற்பாட்டாளர் சாக்கி அக்மத்தும் சில நண்பர்களும் கூடினார்கள். அன்று பிறந்ததுதான் ‘ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின்’. சுருக்கமாக டாக். சிகிச்சைக்கான செயல் இயக்கம்.

அப்போது எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும். இந்த விலையை வைத்துக்கொண்டு 27-ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போட்டிருந்தால் சூப்ரமணி வழக்கின் முடிவேதான் வந்திருக்கும். டாக் முதலில் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. விலையின் மீது கை வைத்தது.

மருந்து ஏன் அத்தனை விலை? காப்புரிமை. ஒரு மருந்தைக் கண்டுபிடித்த நிறுவனம் தவிர வேறு யாரும் அதைக் குறிப்பிட்ட காலத்துக்குச் செய்யவோ விற்கவோ கூடாது என்ற தனியுரிமை அது. அதே வேதிப்பொருளை இன்னொரு நிறுவனம் மலிவாகச் செய்தால் அது ஜெனரிக். மண்டேலா அரசு 1997-இல் மருந்துச் சட்டத்தைத் திருத்தி, மலிவு விலை மருந்துகளை வெளிநாட்டிலிருந்து வாங்க வழி செய்தது. மருந்து நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 2001-இல் விசாரணைக்கு வந்தபோது எதிரே 39 நிறுவனங்கள் நின்றன.

டாக் இந்த வழக்கில் ‘நீதிமன்றத்தின் நண்பர்’ என்ற நிலையில் நுழைந்தது. வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. நீதிமன்றம் அறிய வேண்டியதை எடுத்துச் சொல்ல அனுமதி பெற்ற மூன்றாம் தரப்பு. அதுவரை வழக்கு காப்புரிமைச் சட்ட நுணுக்கமாகவே பேசப்பட்டது. டாக் நோயாளிகளின் வாக்குமூலங்களைக் கொண்டுவந்து வைத்ததும் பேச்சு மாறியது: எந்த மருந்து, எவ்வளவு விலை, அது கிடைக்காமல் யார் செத்தார்கள். உலகெங்கும் ஊர்வலங்கள் நடந்தன. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான், இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தருவதாக அறிவித்திருந்தது. பத்தாயிரம் எங்கே, முந்நூற்றைம்பது எங்கே! 2001 ஏப்ரல் 19 அன்று நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

ஏப்ரலில் அரசின் பக்கம் நின்ற அதே டாக், ஆகஸ்டில் அந்த அரசின் மீதே வழக்குத் தொடுத்தது. அதன் தலைவர்களில் பலர் ஆளுங்கட்சிக்காரர்கள், அக்மத்தே ஏ.என்.சி. உறுப்பினர். கட்சி வேறு, கோரிக்கை வேறு என்று பிரித்து நிற்க அவர்களால் முடிந்தது. இது எல்லோருக்கும் வருவதில்லை.

நெவிரபைன் வழக்கு

நெவிரபைன் என்பது பிரசவ வலி எடுத்ததும் தாய்க்கு ஒரு மாத்திரை, பிறந்த பிள்ளைக்கு 72 மணி நேரத்துக்குள் சில துளி. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்று போகும் வாய்ப்பை அது பெருமளவு குறைக்கும். அப்போது ஆண்டுக்குச் சுமார் 70,000 குழந்தைகள் இப்படித் தொற்றோடு பிறந்ததாகக் கணக்கு. தயாரிக்கும் நிறுவனம் ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகத் தருகிறேன் என்றது. ஆனால் அதிபர் தாபோ உம்பெகி எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே கேள்வி எழுப்பிக்கொண்டிருந்தார். சுகாதார அமைச்சர் மான்டோ ஷபலாலா-சிமாங் பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் சிபாரிசு செய்தார். மாகாணத்துக்கு இரண்டு வீதம் 18 இடங்களில் மட்டும் ‘சோதனை முயற்சி’யாக மருந்தைக் கொடுக்கலாம், மற்ற அரசு மருத்துவமனைகளில் கூடாது என்பதே கொள்கை.

இந்த வழக்கு சூப்ரமணி வழக்கிலிருந்து எங்கே வேறுபட்டது?

1. இலவச மருந்துக்கு ‘வளம் இல்லை’ என்ற பதில் பொருந்தவில்லை.
2. பரிசோதனை வசதியும் ஆலோசகரும் உள்ள மருத்துவமனையில்கூட மருத்துவர் அந்த மாத்திரையை எழுதக் கூடாது என்று தடுத்தது அரசின் விதி. டயாலிசிஸில் மருத்துவமனையால் முடியவில்லை. இங்கே முடிந்த மருத்துவமனையின் கையை அரசு கட்டிப்போட்டிருந்தது.
3. வழக்குத் தாள்களில் குழந்தை மருத்துவர்கள், செவிலியர்கள், பொருளியலாளர்கள், தாய்மார்கள் என்று பலருடைய உறுதிமொழிகள் இருந்தன. கேட்டவர் ஒருவர் அல்ல.

இவற்றில் இரண்டாவதுதான் சட்டப்படி கனமானது. ஆனால் அது தானாக வெளியே வரவில்லை. மருத்துவமனை மருத்துவமனையாகப் போய், ‘உங்களால் கொடுக்க முடியுமா, யார் தடுக்கிறார்கள்?’ என்று கேட்டு எழுதி வாங்கியதால் வந்தது. உயர் நீதிமன்றத்தில் தோற்ற அரசின் மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே குவாசுலு-நட்டால் மாகாண அரசு நடுவண் அரசின் சொல்லைத் தாண்டி, மாகாணம் முழுக்க நெவிரபைன் கொடுப்போம் என்று அறிவித்தது. அடுத்து கௌடெங்கும் அதே வழியில் போனது. தீர்ப்புக்கு முன்பே அணையில் விரிசல் விழுந்துவிட்டது.

தீர்ப்பு வந்தால் மருந்து வந்துவிடுமா?

வராது. உம்புமலங்கா மாகாணம் இழுத்தடித்ததால் டாக் நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட வேண்டியிருந்தது. மேலும் தீர்ப்பு பிள்ளைக்குத் தொற்று போகாமல் தடுப்பதைப் பற்றியது மட்டுமே. தாயைக் காப்பாற்றும் கூட்டு மருந்து அதில் இல்லை. அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் கிடைக்கும்வரை நானும் மருந்து சாப்பிட மாட்டேன் என்று அக்மத் பிடிவாதமாக இருந்தார். அவரைப் பார்க்க மண்டேலாவே வீட்டுக்குப் போனார். 2002 டிசம்பரில் ‘எச்.ஐ.வி. பாசிட்டிவ்’ என்று எழுதிய டாக்கின் பனியனை மண்டேலா கேப் டவுனின் கயலிட்ஷாவில் போட்டுக்கொண்டு நின்றார். குகு டிலமினி அடித்துக் கொல்லப்பட்ட நாட்டில் அந்தப் பனியனுக்கு எவ்வளவு எடை என்று சொல்ல வேண்டியதில்லை.

2003 பிப்ரவரி 14 அன்று நாடாளுமன்றத்தை நோக்கிப் பேரணி. மார்ச்சில் ஒத்துழையாமை: காவல் நிலையத்துக்குப் போய் அமைச்சர்கள் மீதே, அலட்சியத்தால் மரணம் விளைவித்தார்கள் என்று குற்றப் புகார் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய காந்தி வழி திரும்பி வந்ததுபோல் இருந்தது. இன்னொரு பக்கம், வணிகத்தில் நியாயமான போட்டியைக் காக்கும் போட்டி ஆணையத்தில், மருந்து நிறுவனங்கள் அநியாய விலை வைக்கின்றன என்ற புகார். அது 2003 டிசம்பரில் சமரசமாகி, ஜெனரிக் செய்ய உரிமங்கள் கிடைத்தன. இதற்கிடையில் 2003 நவம்பர் 19 அன்று நாடு தழுவிய சிகிச்சைத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

தாமதத்தின் விலை என்ன? ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட மதிப்பீடு, 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்கள் தேவையில்லாமல் போயின என்கிறது. இன்று தென்னாப்பிரிக்காவில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மருந்து எடுக்கிறார்கள். உலகிலேயே பெரிய எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் இதுதான்.

செய்திகளில் அதிகம் வராத ஒரு வேலையும் உண்டு. டாக் தன்னார்வலர்கள் கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மருந்தின் பெயர், பக்கவிளைவு, உடலின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 எண்ணிக்கை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார்கள். ‘டாக்டர் கொடுத்தார், சாப்பிட்டேன்’ என்று சொல்பவர் மருந்து தீர்ந்துபோனால் திரும்பிப் போய்விடுவார். மருந்தின் பெயர் தெரிந்தவர், ஏன் இல்லை என்று கேட்பார். ஊர்வலத்தைவிட இதுதான் நீடித்து நின்றது என்பது என் கணிப்பு.

வாளியில் பிடித்த காற்று

ஆதாரம் திரட்டுவது மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் மட்டும் உரியதல்ல. தெற்கு டர்பனில் மெர்பேங்க், வென்ட்வொர்த் பகுதிகள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் மடியில் இருந்தன. இன ஒதுக்கல் காலத்தில் இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் ஒதுக்கிய இடங்கள். புகை நாற்றம் என்று புகார் சொன்னால் அளவு எங்கே என்று கேட்டார்கள். எனவே மக்களே வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு மெர்பேங்கின் செட்லர்ஸ் தொடக்கப் பள்ளியில் பல்கலைக்கழக ஆய்வு நடந்தது. மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் ஆஸ்துமா இருந்தது. அதன் பின்னர்தான் நகரமே காற்றை அளக்கும் நிலையங்களை அமைத்தது. 1965-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் இடத்தில் 2004-இல் புதிய காற்றுத் தரச் சட்டம் வந்தது.

கரும்பும் சர்க்கரையும்

1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு ஆள் கொண்டுவந்தது கரும்பு வெட்ட. அந்தப் பேரப்பிள்ளைகளின் வீடுகளில் இன்று சர்க்கரை நோய் இல்லாத வீடு அபூர்வம். சூப்ரமணிக்கு இருந்ததும் அதுதான். 2018 ஏப்ரலில் சர்க்கரை சேர்த்த பானங்களுக்கு வரி வந்தது: 100 மில்லி லிட்டரில் 4 கிராமுக்கு மேல் உள்ள ஒவ்வொரு கிராமுக்கும் 2.1 சென்ட். பொதுச் சுகாதார அமைப்புகள் இதற்காக உழைத்தன. குளிர்பான நிறுவனங்கள் பலவும் சர்க்கரை அளவைக் குறைத்தன.

ஆனால் வலியுறுத்தல் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை. கரும்பு விவசாயிகளும் ஆலைகளும் வேலை போகும் என்றார்கள். சர்க்கரை ஆலைகள் நடத்தும் டொங்காட் ஹியூலெட் நிறுவனம் 2022-இல், நொடித்துப்போகும் நிறுவனங்களுக்கான சட்டப்படியான மீட்பு நடவடிக்கைக்குள் போனது. டர்பனுக்கு வடக்கே உள்ள கடலோர ஊர்களில் பலருடைய அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது. 2023 வரவு செலவுத் திட்டத்தில் இந்த வரியை இரண்டு ஆண்டுகளுக்கு உயர்த்துவதில்லை என்று நிதியமைச்சர் அறிவித்தார். நோயாளிகள் அமைப்பு பேசினால் உரிமைக் குரல், ஆலை பேசினால் சதி என்று எளிதாகப் பிரிக்க முடியாது. ஆலைத் தொழிலாளியும் அதே நோயாளிதான். வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. நிறுவனத்துக்கு அமைச்சகத்தில் கதவு திறந்திருக்கும். டயாலிசிஸ் வரிசையில் நிற்பவருக்கு அந்தக் கதவு எங்கே என்றே தெரியாது.

சிறுநீரகத்துக்கு ஒரு டாக் உருவாகவில்லை. அரசு மருத்துவமனைகளில் யாருக்கு டயாலிசிஸ், யாருக்கு இல்லை என்று தேர்ந்தெடுக்கும் முறை இன்றும் தொடர்கிறது.

காசு யார் கொடுக்கிறார்கள்?

இந்த அமைப்புகளின் பலவீனம் இங்கேதான். உறுப்பினர் சந்தாவில் நடக்கும் அமைப்புகள் குறைவு. பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடை. 2014-இலேயே டாக் நிதியில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, தென்னாப்பிரிக்க எச்.ஐ.வி. செலவில் அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டம் தாங்கியது சுமார் 17 சதவீதம். மாத்திரைகளைப் பெரும்பாலும் தென்னாப்பிரிக்க அரசே வாங்குகிறது, எனவே ஒரே நாளில் மருந்து நிற்கவில்லை. போனவர்கள் ஆட்கள்: ஆலோசகர்கள், தகவல் பதிவு செய்பவர்கள், மருந்தை விட்டவர்களைத் தேடி வீட்டுக்குப் போகும் பணியாளர்கள். கிளினிக்குகளில் வரிசை எவ்வளவு நீளம், மருந்து இருக்கிறதா என்று நோயாளிகளே கண்காணித்த ரிட்சிட்சே திட்டமும் இதே பணத்தில்தான் நடந்தது. கண்காணிப்பவருக்குச் சம்பளம் நின்றால், குறை இருப்பதே வெளியே தெரியாமல் போகும்.

ஆடிங்டன் வாசலில்

2025-இல் ஆடிங்டன் மருத்துவமனை மறுபடி செய்திக்கு வந்தது. இந்த முறை வாசலில் நின்ற கூட்டம் உள்ளே போகிறவர்களிடம் அடையாள அட்டை கேட்டது. வெளிநாட்டவர் என்றால் திருப்பி அனுப்பியது. அவர்களும் தாமாகக் கூடியவர்கள்தான். அவர்களும் கொள்கையை மாற்றத்தான் வந்திருப்பதாகச் சொன்னார்கள். வரிசை நீளம், மருந்து பற்றாக்குறை என்று அவர்கள் சொன்ன குறைகளில் உண்மையும் உண்டு.

டாக்கும் சட்டத்தை மீறியிருக்கிறது: 2000-இல் அக்மத் காப்புரிமையை மீறித் தாய்லாந்திலிருந்து ஜெனரிக் மருந்து கொண்டுவந்தார். ஆனால் அது வரிசையில் நிற்பவருக்கு மருந்து சேர்க்கச் செய்த மீறல். வாசலை மறிப்பது வரிசையில் நிற்பவரை வெளியேற்றும் மீறல். சட்டத்தின் சொல்லும் இங்கே தெளிவு. வாக்குரிமையைப் பேசும் 19-ஆம் பிரிவு ‘ஒவ்வொரு குடிமகனும்’ என்கிறது. 27-ஆம் பிரிவு ‘எல்லோரும்’ என்கிறது. எழுதியவர்கள் வேறுபாடு தெரிந்துதான் எழுதினார்கள். 2025 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம், வெளிநாட்டவரை எதிர்க்கும் ‘ஆப்பரேஷன் டுடுலா’ அமைப்பினர் மருத்துவமனை வாசல்களில் யாரிடமும் அடையாள அட்டை கேட்கவோ வழி மறிக்கவோ கூடாது என்று தடை விதித்தது. அந்த வழக்கைக் கொண்டுவந்தவையும் குடிமைச் சமூக அமைப்புகளே.